ஜி.எஸ்.டி. சாலை: கத்திப்பாரா முதல் செங்கல்பட்டு வரை, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கூடுவாஞ்சேரிப் பக்கம் புதிதாக வீடு வாங்குகிறவர்கள், வேலை மாறி வருகிறவர்கள், பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்க வெளியூரிலிருந்து வருகிற பெற்றோர் என்று பலரும் இந்தச் சாலையைப் பற்றி என்னிடம் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தாம். தனித்தனியே சொல்லி வந்ததை இங்கே ஒருசேர எழுதிவைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட சொற்களிலேயே விட்டிருக்கிறேன்.

ஜி.எஸ்.டி. ரோடு என்று எதைச் சொல்கிறார்கள்? எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது?

கிண்டியை அடுத்த கத்திப்பாரா சந்திப்பில் தொடங்கி, மீனம்பாக்கம், திரிசூலம், பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரி, மறைமலைநகர், சிங்கப்பெருமாள் கோயில் வழியாகச் செங்கல்பட்டை அடையும் சாலையைத்தான் மக்கள் அப்படி அழைக்கிறார்கள். இந்த நீளம் ஏறத்தாழ 45 கி.மீ. சாலை அங்கே முடிந்துவிடுவதில்லை. பாலாற்றைக் கடந்து மதுராந்தகம், திண்டிவனம் என்று தெற்கே தொடர்கிறது. ஆனால் அன்றாடப் பேச்சில் செங்கல்பட்டுக்கு அப்பால் அந்தப் பெயரைச் சொல்வோர் குறைவு.

கத்திப்பாராவில் அண்ணா சாலை, ஜவாஹர்லால் நேரு சாலை என்னும் நூறடிச் சாலை, பூந்தமல்லிக்குச் செல்லும் மவுண்ட்-பூந்தமல்லி சாலை ஆகியவை இதனுடன் சேர்கின்றன. 2008இல் திறக்கப்பட்ட மேம்பாலத்தில் முதன்முறை ஏறுகிறவர் வழிகாட்டிப் பலகையை முன்கூட்டியே பார்த்துத் தம் தடத்துக்கு வந்துவிட வேண்டும். ஒரு வளைவைத் தவறவிட்டால் திரும்பி வர நெடுந்தூரம் சுற்ற நேரும்.

ஜி.எஸ்.டி. என்பது வரியின் பெயர் ஆயிற்றே, சாலைக்கு எப்படி வந்தது?

வரி 2017 ஜூலை 1இல்தான் வந்தது. சாலையின் பெயர் ஆங்கிலேயர் காலத்தது. கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோடு, அதாவது தெற்கு நோக்கிச் செல்லும் பெருவழி என்பதன் சுருக்கம் அது. வடக்கே செல்வதை ஜி.என்.டி. சாலை என்றும், மேற்கே செல்வதை ஜி.டபிள்யூ.டி. சாலை என்றும் அதே முறையில் அழைத்தார்கள்.

பத்திரத்தில் என்.எச். 45 என்று இருக்கிறது, வரைபடத்தில் 32 என்று இருக்கிறது. எது சரி?

இரண்டும் ஒரே சாலையைத்தான் குறிக்கின்றன. சென்னையிலிருந்து திருச்சி, திண்டுக்கல் வழியாகத் தேனி வரை சென்ற சாலைக்கு முன்பு 45 என்ற எண் இருந்தது. 2010இல் நாடு முழுவதும் தேசிய நெடுஞ்சாலைகளுக்குப் புதிய எண்கள் அறிவிக்கப்பட்டபோது அந்த ஒரே சாலை துண்டுகளாகப் பிரிந்தது. சென்னையிலிருந்து திண்டிவனம் வரையுள்ள பகுதி, புதுச்சேரி, நாகப்பட்டினம் வழியாகத் தூத்துக்குடி செல்லும் 32ஆம் எண்ணுக்குள் போயிற்று. திண்டிவனம் முதல் விழுப்புரம் வரை 132. அதற்குத் தெற்கே திருச்சி, மதுரைக்குச் செல்வது 38.

பழைய பத்திரங்களில் நான்கு எல்லைகளைச் சொல்லும் இடத்தில் பழைய எண்ணே இருக்கும். அதனால் பத்திரம் செல்லாமல் போகாது. புதிதாக எழுதும்போது இரண்டு எண்களையும் குறிப்பிட்டுவிட்டால் பின்னால் குழப்பம் வராது.

தேசிய நெடுஞ்சாலை என்றால் ஏன் இத்தனை சிக்னல், இத்தனை கடை, இத்தனை பேருந்து நிறுத்தம்?

இந்தப் பக்கத்திலுள்ள எல்லாக் கேள்விகளுக்கும் அடியில் இருப்பது இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். இந்தச் சாலை ஒரே நேரத்தில் மூன்று வேலைகளைச் செய்கிறது. தென்மாவட்டங்களுக்குச் செல்லும் நெடுவழி அது. புறநகரிலிருந்து சென்னைக்கு நாள்தோறும் வேலைக்குப் போய் வருகிறவர்களின் வழியும் அதுவே. பல்லாவரத்துக்காரருக்கும் குரோம்பேட்டைக்காரருக்கும் காய்கறி வாங்கவும் பள்ளிக்குப் போகவும் உள்ள ஊர்க்கடைத்தெருவும் அதுவேதான். திருச்சிக்குப் போகும் லாரி, கிண்டிக்குப் போகும் இருசக்கர வண்டி, எதிர்ப்பக்க மருந்துக்கடைக்கு நடந்து போகும் முதியவர் ஆகிய மூவருமே அதை நியாயமாகத் தம் சாலை என்று எண்ணுகிறார்கள்.

ஊர்கள் வளர்ந்த விதமும் இதற்குக் காரணம். எழும்பூரிலிருந்து செங்கல்பட்டுக்குச் செல்லும் ரயில் பாதை இந்தச் சாலையை ஒட்டியே ஓடுகிறது. 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியபோது ஒவ்வொரு நிலையத்தைச் சுற்றியும் குடியிருப்பு பெருகியது. 1928இல் தாம்பரம் காசநோய் மருத்துவமனை, 1937இல் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்த கிறித்தவக் கல்லூரி, 1949இல் குரோம்பேட்டை எம்.ஐ.டி. பொறியியல் கல்லூரி, 1980களில் மெப்ஸ் ஏற்றுமதி வளாகமும் வண்டலூர் உயிரியல் பூங்காவும் என்று ஒவ்வொன்றாக வந்தன. கல்லூரி, மருத்துவமனை, ஆலை என எதுவாயினும் வந்துபோகிறவர்கள் அனைவரும் சாலைக்கும் ரயிலுக்குமான இந்த ஒரே பட்டையில்தான் இறங்கியாக வேண்டும்.

திரிசூலத்தில் நின்று பார்த்தால் நிலைமை விளங்கும். ஒரு பக்கம் விமான நிலையம், மறுபக்கம் தண்டவாளம், அதற்கப்பால் மலை. அங்கே சாலைக்கு இன்னும் ஒரு தடம் சேர்க்க நிலமே இல்லை.

சாலையை அகலப்படுத்தினால் எல்லாம் சரியாகிவிடாதா?

அகலப்படுத்தியிருக்கிறார்கள், பயனும் இருக்கிறது. தாம்பரத்தை அடுத்த இரும்புலியூருக்குத் தெற்கே எட்டு வழித்தடமாக விரிவாக்கப்பட்ட பகுதிகளில் நேராகச் செல்லும் வண்டிகள் முன்பைவிட விரைவாகப் போகின்றன. 2020இல் திறந்த பல்லாவரம் மேம்பாலமும் அவ்வாறே சந்தை அருகே இருந்த நெருக்கடியைக் குறைத்தது. ஆனால் முன் பதிலில் சொன்ன மூன்று வேலைகளில் முதல் வேலைக்கு மட்டுமே அகலம் உதவும். ஒரு சந்திப்பில் விரைவாகக் கடந்த வண்டிகள் அடுத்த சந்திப்பில் ஒன்றாகப் போய் நிற்கின்றன. எட்டுத் தடமான சாலையை நடந்து கடக்க வேண்டிய பாட்டிக்கு அது இரண்டு மடங்கு ஆறு.

பெருங்களத்தூரிலிருந்து செங்கல்பட்டை நோக்கி ஏறத்தாழ 27 கி.மீ. நீளத்துக்கு உயர்மட்டச் சாலை அமைக்கும் திட்டம் பேசப்பட்டு வருகிறது. நெடுவழி வண்டிகளை மேலே ஏற்றி, கீழ்ச்சாலையை உள்ளூர்க்காரர்களுக்கு விடுவது அதன் நோக்கம். அந்த நோக்கம் சரியானது என்றே நான் கருதுகிறேன். கீழே நடைபாதையும் கடக்கும் வழியும் பேருந்து நிற்க இடமும் சேர்ந்து வராவிட்டால் பாதி வேலைதான் ஆகும்.

கோயம்பேடு, மாதவரம், பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் போக நகருக்குள் நுழைந்தே ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. பெருங்களத்தூர் அருகே பிரியும் சென்னை புறவழிச்சாலை மதுரவாயல் வழியாகப் புழல் வரை 32 கி.மீ. செல்கிறது. வண்டலூரில் தொடங்கும் வெளிவட்டச் சாலை நெமிலிச்சேரி வழியாக மீஞ்சூர் வரை ஏறத்தாழ 62 கி.மீ. பல்லாவரத்தில் பிரியும் 200 அடி ரேடியல் சாலை துரைப்பாக்கத்தில் பழைய மகாபலிபுரம் சாலையைத் தொடும். வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் செல்லும் சாலையும் பழைய மகாபலிபுரம் சாலைக்கே போகும். ஒரகடம், வாலாஜாபாத் பக்கம் போவோர் வண்டலூரில் மேற்கே திரும்பிப் படப்பை வழியாகவும், ஸ்ரீபெரும்புதூர் போவோர் சிங்கப்பெருமாள் கோயிலில் திரும்பியும் செல்லலாம்.

புறவழிச்சாலையிலும் வெளிவட்டச் சாலையிலும் சுங்கச்சாவடிகள் உண்டு. முன்னது தேசிய நெடுஞ்சாலை, பின்னது மாநில அரசின் சாலை. இந்த வேறுபாடு கீழே பாஸ் பற்றிய பதிலில் தேவைப்படும்.

தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு போனால் டோல் கட்ட வேண்டுமா? மறைமலைநகர் வரை போனால்?

செங்கல்பட்டு நகருக்குச் சற்று முன்னே உள்ள பரனூர் சுங்கச்சாவடியில் கட்ட வேண்டும். மறைமலைநகர், சிங்கப்பெருமாள் கோயில் வரை போகிறவர் எதுவும் கட்ட வேண்டியதில்லை. செங்கல்பட்டைத் தாண்டித் திண்டிவனம் போனால் வழியில் ஆத்தூரில் இன்னொரு சாவடி இருக்கிறது. இருசக்கர வண்டிகளுக்கும் ஆட்டோக்களுக்கும் கட்டணம் இல்லை.

24 மணி நேரத்துக்குள் திரும்பி வந்தால் போக வரச் சேர்த்து ஒன்றரை மடங்கு கட்டணம்தான். ஃபாஸ்டேக் வைத்திருப்பவருக்கு இது தானாகக் கழியும். ஃபாஸ்டேக் இல்லாதவர் ரொக்கமாகக் கட்டினால் இரு மடங்கு. 2025 நவம்பர் 15 முதல் யு.பி.ஐ. வழியே கட்டினால் ஒன்றேகால் மடங்கு. கட்டண விகிதம் வழக்கமாக ஆண்டுதோறும் ஏப்ரல் 1இல் மாற்றி அமைக்கப்படும்.

நான் தினமும் காரில் செங்கல்பட்டு போய் வருகிறேன். வருடாந்தர பாஸ் வாங்கலாமா, உள்ளூர் மாதப் பாஸ் வாங்கலாமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 2025 ஆகஸ்ட் 15இல் 3,000 ரூபாய்க்கு அறிமுகமான வருடாந்தர பாஸ், ஓராண்டு அல்லது 200 கடப்புகள், இதில் எது முதலில் வருகிறதோ அதுவரை செல்லும். ஒரு சாவடியை ஒருமுறை கடந்தால் ஒரு கடப்பு. நாள்தோறும் போய் வருகிறவருக்கு நாளுக்கு இரண்டு ஆகிறது. நூறு வேலை நாளில் பாஸ் தீர்ந்துவிடும். வெளியூர்ப் பயணம் அதிகம் செய்கிற சொந்தக்கார்க்காரருக்கு அது மிக நல்லது; தினசரிப் பயணிக்கு அவ்வளவு பொருந்தாது.

சாவடியிலிருந்து 20 கி.மீ. தூரத்துக்குள் குடியிருந்து, வணிகப் பயன்பாட்டுக்கு அல்லாத சொந்த வாகனம் வைத்திருப்பவருக்கு உள்ளூர் மாதப் பாஸ் உண்டு; அதில் கடப்புகளின் எண்ணிக்கை வரம்பு இல்லை. கூடுவாஞ்சேரி அந்த எல்லைக்குள் வரும், தாம்பரம் வராது. முகவரிச் சான்றையும் வண்டியின் பதிவுச் சான்றையும் எடுத்துக்கொண்டு சாவடி அலுவலகத்தில் கேட்க வேண்டும். எல்லைக்கு வெளியே இருப்பவர், மூன்றில் இரண்டு பங்கு கட்டணத்தில் ஒரு மாதத்துக்கு 50 முறை கடக்கும் பாஸை வாங்கலாம். இவை எவையும் மேலே சொன்ன வெளிவட்டச் சாலையில் செல்லாது. அது மாநிலச் சாலை.

ஊருக்குப் போக கோயம்பேடு போவதா, கிளாம்பாக்கம் போவதா?

திருச்சி, மதுரை, நெல்லை, கும்பகோணம் போன்ற தென்திசைப் பேருந்துகளுக்குக் கிளாம்பாக்கம். 88 ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பில் அமைந்த கலைஞர் நூற்றாண்டு பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30இல் திறக்கப்பட்டது. வண்டலூருக்கும் ஊரப்பாக்கத்துக்கும் நடுவே சாலையை ஒட்டியே இருக்கிறது. தனியார் ஆம்னிப் பேருந்துகளுக்கு ஏறுமிடம் வெவ்வேறாக இருப்பதால் பயணச்சீட்டில் உள்ள இடத்தைப் பார்த்துவிட்டே கிளம்புங்கள்.

தாம்பரத்துக்குத் தெற்கே இருப்பவர்களுக்கு இந்த மாற்றம் பெரிய நன்மை. முன்பு கோயம்பேடு வரை போய் அதே சாலையில் திரும்பி வந்துகொண்டிருந்தோம். வடசென்னையிலிருந்து கைக்குழந்தையோடும் மூட்டையோடும் வருகிறவர்களுக்கு இது உண்மையான சுமை என்பதையும் சொல்ல வேண்டும். அவர்களுக்கு என் யோசனை, மின்சார ரயிலில் தாம்பரம் அல்லது வண்டலூர் வரை வந்துவிட்டு அங்கிருந்து மாநகரப் பேருந்தில் வருவது. மாலை ஐந்து மணிக்கு மேல் சாலை வழியாக முழுத் தூரமும் வந்தால் நேரத்தைக் கணிக்க இயலாது.

மெட்ரோ வருகிறது என்று சொல்லி வீடு விற்கிறார்களே, நம்பலாமா?

மெட்ரோ 2016 செப்டம்பரில் விமான நிலையம் வரை வந்தது. அங்கிருந்து ஜி.எஸ்.டி. சாலை வழியே கிளாம்பாக்கத்துக்கு 15 கி.மீ.க்குச் சற்றுக் கூடுதலான உயர்மட்டப் பாதை திட்டமிடப்பட்டிருக்கிறது. திட்டம் வேறு, ஓடும் ரயில் வேறு. இப்போது ஓடுகிற மின்சார ரயில் நிலையத்துக்கு எத்தனை நிமிடம் நடக்க வேண்டும், நடக்கிற வழியில் சாலையைக் கடக்க வேண்டுமா என்பதைப் பார்த்து விலை பேசுங்கள். மெட்ரோ வந்தால் அது கூடுதல் நன்மை.

தீபாவளி, பொங்கலுக்கு எந்த நேரத்தில் கிளம்பினால் நெரிசல் இருக்காது?

விடுமுறைக்கு முந்தைய நாள் மாலை கிளம்புவதைத் தவிருங்கள். முடிந்தால் ஒரு நாள் முன்னதாகவோ, அன்று விடியற்காலை நான்கு மணிக்கு முன்போ தாம்பரத்தைத் தாண்டிவிட வேண்டும். திரும்பி வரும் ஞாயிறு இரவும் திங்கள் காலையும் பரனூரிலிருந்தே வண்டிகள் ஊர்ந்து வரும்; கிளம்புவதைத் திட்டமிடுகிற பலர் திரும்புவதைத் திட்டமிடுவதில்லை.

காரில் போகிறவர்கள் பழைய மகாபலிபுரம் சாலை வழியே கேளம்பாக்கம், திருப்போரூர் சென்று அங்கிருந்து செங்கல்பட்டை அடையலாம் என்று காவல்துறையே பண்டிகை நாட்களில் அறிவுறுத்துவது வழக்கம். தூரம் கூடினாலும் வண்டி நிற்காமல் ஓடும். புதுச்சேரி, கடலூர் செல்வோருக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை இருக்கும்போது அந்த நாட்களில் இந்தச் சாலையைத் தேர்ந்தெடுக்கக் காரணமே இல்லை.

மழைக்காலத்தில் சாலை மூழ்குமா? வீடு வாங்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

சில இடங்களில் நீர் தேங்கும். அடையாறு இந்தச் சாலைக்கு மேற்கே ஆதனூர், மண்ணிவாக்கம், வரதராஜபுரம், முடிச்சூர் பக்கமாக ஓடி வருகிறது. சாலையின் கிழக்கே உள்ள மேட்டு நிலத்திலும் காட்டிலும் பெய்கிற மழை அந்த ஆற்றுக்குப் போக வேண்டுமானால் சாலையையும் தண்டவாளத்தையும் கடந்தாக வேண்டும். இரண்டும் உயர்த்திக் கட்டிய கரைகள். அடியில் உள்ள சிறுபாலங்கள் அடைத்தால் நீர் சாலையில் நிற்கிறது. 2015 டிசம்பர் முதல் நாளில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை கொட்டியபோது முடிச்சூரும் வரதராஜபுரமும் எப்படி இருந்தன என்பதை அங்கே இருந்தவர்கள் மறக்கமாட்டார்கள்.

ஆகவே வீடு பார்க்கப் போகிறவர்கள் ஐப்பசி, கார்த்திகை மாதத்தில் ஒருமுறை போய்ப் பாருங்கள். அக்கம்பக்கத்தில் பத்தாண்டுக்கு மேல் இருப்பவரிடம் 2015இல் தண்ணீர் எந்த மட்டம் வரை வந்தது என்று கேளுங்கள். புல வரைபடத்தில் மனைக்கு அருகே ஓடை, வாய்க்கால் எதுவும் குறிக்கப்பட்டிருந்தால், இன்று அங்கே நீர் ஓடாவிட்டாலும் அதை இருப்பதாகவே கொள்ளுங்கள்.

எதிர்ப்பக்கம் போக ஒரு கிலோமீட்டர் சுற்ற வேண்டியிருக்கிறது. ஓரமாக எதிர்த்திசையில் கொஞ்ச தூரம் போனால் என்ன?

போகாதீர்கள். அங்கே நீங்கள் ஊர்த்தெருவில் போவதாக நினைப்பீர்கள். எதிரே வருகிறவர் நெடுவழியில் வருகிறார். அவர் இடப்பக்கம் வண்டி எதுவும் எதிரே வராது என்று நம்பியே ஓட்டுகிறார். இரவில், பேருந்தின் பின்னாலிருந்து அவர் வெளியே வரும்போது இருவருக்கும் நேரமில்லை. இப்படி ஓர் இளைஞரை எங்கள் தெரு இழந்திருக்கிறது. அதற்குப் பிறகு இந்தக் கேள்விக்கு மென்மையாகப் பதில் சொல்ல எனக்கு இயலவில்லை.

நடப்பவர்கள் நடைமேம்பாலம் அல்லது ரயில் நிலையச் சுரங்கப்பாதை வழியே கடக்கலாம். திரிசூலம் நிலையத்திலிருந்து விமான நிலையத்துக்குச் சாலைக்கு அடியிலேயே வழி இருக்கிறது. படியேற முடியாதவர்களுக்குப் பல இடங்களில் வழியே இல்லை என்பது பெருங்குறை; மின்தூக்கி கேட்டு ஊர் நலச்சங்கங்கள் மனு கொடுப்பதை விடக்கூடாது. விபத்தைக் கண்டால் 108ஐ அழையுங்கள். அடிபட்டவரை மருத்துவமனையில் சேர்ப்பவரைக் காவல்துறை வற்புறுத்திச் சாட்சியாக்க முடியாது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு அவருக்குப் பாதுகாப்புத் தருகிறது.

பள்ளம், எரியாத விளக்கு, தேங்கிய சாக்கடை... யாரிடம் புகார் சொல்வது?

இடத்தைப் பொறுத்தது. தாம்பரத்துக்குத் தெற்கே திண்டிவனம் வரையுள்ள பகுதி தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் கீழ் நான்கு வழிச்சாலையானது. அங்கே 1033 என்ற எண்ணை அழைக்கலாம். நகர்ப்பகுதியில் சாலை மாநில நெடுஞ்சாலைத்துறையின் தேசிய நெடுஞ்சாலைப் பிரிவின் பொறுப்பு. குப்பை, உட்தெருச் சாக்கடை போன்றவை உள்ளாட்சியைச் சேரும். 2021 நவம்பரில் பல்லாவரம், தாம்பரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து தாம்பரம் மாநகராட்சி ஆயின. பரங்கிமலை, பல்லாவரம் பகுதியில் ராணுவக் கன்டோன்மென்ட் வாரியமும் இருக்கிறது.

புகாரில் ஊர்ப்பெயரோடு அருகிலுள்ள கிலோமீட்டர் கல்லின் எண்ணையும், சென்னை செல்லும் பக்கமா செங்கல்பட்டு செல்லும் பக்கமா என்பதையும் எழுதுங்கள். இந்த இரண்டும் இல்லாத புகார்கள்தாம் பெரும்பாலும் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன.

எங்கள் வீடு சாலையோரம் இருக்கிறது. அகலப்படுத்த எடுத்துக்கொள்வார்கள் என்கிறார்கள். என்ன செய்ய வேண்டும்?

பேச்சுக்கு அஞ்ச வேண்டாம். அறிவிப்புக்குக் கவனம் கொடுங்கள். தேசிய நெடுஞ்சாலைக்கு நிலம் எடுப்பது 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நடக்கிறது. முதலில் 3ஏ பிரிவின் கீழ் புல எண்ணோடு அறிவிக்கை வரும். அது வெளியான நாளிலிருந்து 21 நாட்களுக்குள் எழுத்துமூலம் ஆட்சேபம் தெரிவிக்கலாம். பின்னர் 3டி அறிவிக்கை வந்தால் நிலம் அரசுக்கு உரியதாகிவிடும். இழப்பீட்டுத் தொகை போதாது என்றால் நடுவரிடம் முறையிட வழி இருக்கிறது. 2015 முதல் இழப்பீட்டுக் கணக்கு 2013ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் விதிகளைத் தழுவியே போடப்படுகிறது.

மிகுதியானவர்கள் இடறுவது இழப்பீட்டில் அன்று, ஆவணத்தில். பட்டா தாத்தா பெயரில், வரி அப்பா பெயரில், குடியிருப்பது மகன் என்று இருந்தால் தொகை நீதிமன்றத்தில் போய்த் தங்கிவிடும். ஆகவே அறிவிக்கை வரும் முன்பே பட்டாவை உங்கள் பெயருக்கு மாற்றி, உட்பிரிவு அளந்து, வீட்டின் எந்தப் பகுதி பட்டா நிலத்தில் இருக்கிறது, எந்தப் பகுதி சாலைப் புறம்போக்கில் இறங்கியிருக்கிறது என்பதை அளவையர் துணையோடு தெரிந்துகொள்ளுங்கள். ஆட்சேப மனுவைக் கொடுக்கும்போது நகலில் தேதி முத்திரையும் கையொப்பமும் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். 21 நாள் கணக்கு பின்னால் கேள்விக்கு வரும்போது அந்தத் தாள்தான் உங்களுக்குப் பேசும்.